மணிமுடியும் முழந்தாளும்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், போளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதியம்மன் கோயில்களின் முன்னே பாரதம் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. தறியில் அமர்ந்து பட்டு நெய்தவரும், கழனியில் நாள் முழுதும் உழைத்தவரும், கடைத்தெருவில் வாணிபம் செய்தவரும் பாய் விரித்து விடியுமட்டும் அமர்ந்திருப்பர். ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி என்று பரந்து கிடக்கும் இவ்வட்டாரம் கூத்துக்குப் பெயர் பெற்றது. செய்யாற்றை அடுத்த புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இக்கலையைக் காத்து, கடல் கடந்த நாடுகளிலும் அதன் புகழைப் பரப்பியுள்ளனர்.

அரசர் கதைகளை நம் மக்கள் இவ்வளவு ஆவலோடு பார்ப்பது ஏன்? முடியும் கோலும் கண்டு மயங்கியா? அன்று. அதிகாரம் என்பது எது, அது எங்கே தலைநிமிர வேண்டும், எங்கே தலைகுனிய வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தறியாத பாட்டியும் எடைபோட்டுப் பார்த்த இடம் கூத்துக் களமே. அந்த எடைக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நம் கத்தோலிக்க நாடகங்களையும், இறுதியில் நம் பங்குகளையும் சற்றே நோக்குவோம்.

கூத்துக் களத்து மன்னன்

கூத்தில் மன்னர் எவரும் நேராக நடந்து வந்துவிடுவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னே நின்று அவர் தம் பெருமையைப் பாடுவார். திரை விலகியதும் கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்புப் பதக்கமும் பளபளக்கச் சுழன்றாடுவார். அவ்வணிகள் இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. இது பார்ப்போர் அனைவர்க்கும் தெரியும். அவற்றை அணிந்திருப்பவர் தம்மைப் போன்ற ஓர் உழைப்பாளி என்பதும் தெரியும்.

மன்னர் களத்துக்கு வந்ததும் அவரை வழிமறித்து, தாங்கள் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர் என்று வினவுபவன் கட்டியங்காரன். அவன் வாயிற்காவலன், பணியாளன், கோமாளி. ஆயினும் அவன் கேட்கும் கேள்விக்கு விடை கூறாமல் எந்த அரசரும் அரியணையில் அமர இயலாது. துரியோதனனாயினும் தன் குலத்தையும் பெயரையும் அந்த எளியவனிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். இடையிடையே கட்டியங்காரன் மன்னரைக் கேலியும் செய்வான், கூட்டம் சிரிக்கும். ஆள்வோனிடம் நேரில் கேட்க முடியாத கேள்வியை அவன் வாயிலாகக் கேட்டுக்கொண்டனர் நம் முன்னோர்.

பதினெட்டாம் போர் நாளன்று துரியோதனன் படுகளம் நடைபெறும். திடலில் மண்ணால் ஒரு பெரிய உருவம் மல்லாந்து கிடக்கும். வீமன் வேடத்தார் அதன் தொடையில் அடிப்பார். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அத்துணைச் செருக்கோடு அரியணையில் இருந்தவன் மண்ணோடு மண்ணாகக் கிடப்பான். ஆயினும் கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவதில்லை. பெற்ற தாய் காந்தாரியின் ஒப்பாரியையும் கேட்டுவிட்டே செல்லும். செருக்கு வீழ வேண்டும்; ஆயினும் வீழ்ந்தவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் சிந்தவேண்டும் என்பது இம்மண்ணின் தீர்ப்பு.

கர்ண மோட்சம் இதனினும் நுட்பமானது. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவளோ அரசன் மகள். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று கணவனை இகழ்ந்து முகங்கொடுத்துப் பேச மறுக்கிறாள். அவன் பிறப்பின் உண்மையை அறிந்தபின் கதறுகிறாள். ஆனால் களம் அவனை அழைத்துவிட்டது. பிறப்பின் செருக்கு ஒரு வீட்டிற்குள் புகுந்து, கணவனையும் மனைவியையும் கூடப் பிரித்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் காட்சி அரிது. நாட்டையாள்வோரின் செருக்கைக் கண்டு சிரித்த கூட்டம், பொன்னுருவியைக் கண்டதும் அமைதியாகிவிடுகிறது. தம் வீட்டுக் கதை என்பதால் போலும்!

தவறு சுட்டப்படும்போது

அரசன் தவறே செய்யாதவனாக இருக்க வேண்டுமென்று நம் மக்கள் எதிர்பார்க்கவில்லை. தவறு சுட்டப்படும்போது அவன் என்ன செய்கிறான் என்பதையே நோக்குகின்றனர்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனை நினைவுகூருங்கள். கோவலன் நாடகமாகவும், 1942-இல் 'கண்ணகி' என்றும், 1964-இல் 'பூம்புகார்' என்றும் திரைப்படங்களாகவும் தமிழகம் கண்ட கதை அது. காவலும் படையும் உடைய மன்னன் முன், தலைவிரி கோலமாக ஒரு வணிகப் பெண் தனித்து வந்து நிற்கிறாள். சிலம்பு உடைகிறது, உள்ளிருந்த மாணிக்கம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. மன்னன் அமைச்சரைப் பழிக்கவில்லை. பொற்கொல்லனைக் காட்டித் தப்பவில்லை. குற்றம் தன்னுடையதே என்றுணர்ந்து அரியணையிலேயே உயிர் துறக்கிறான். தவறிழைத்த அம்மன்னனைத் தமிழர் வெறுக்காமைக்குக் காரணம் இதுவே.

திருமறையிலும் இத்தகைய காட்சிகள் உண்டு. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனையும் போர்முனையில் சாகவிட்ட தாவீது மன்னரிடம் இறைவாக்கினர் நாத்தான் வருகிறார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்கிறார். அந்த மனிதன் தாமே என்றறிந்ததும் தாவீது தம் பாவத்தை அறிக்கையிடுகிறார். மற்றொரு புறம், குற்றமற்றவரென்று தெரிந்தே இயேசுநாதரைச் சிலுவைக்கு ஒப்படைத்த பிலாத்து, தண்ணீர் கொணரச் செய்து கைகளைக் கழுவுகிறான். பாண்டியன் பழியைத் தன் உயிரில் ஏற்றான்; தாவீது கண்ணீரில் ஏற்றார்; பிலாத்துவோ அதைத் தண்ணீரோடு ஊற்றிவிட முயன்றான். மூவரும் ஆட்சியாளரே. ஆனால் மூவரையும் நம் உள்ளம் ஒரே தட்டில் வைப்பதில்லை.

நம் மேடைகள்

கூத்து ஆடிய நம் மக்கள் கிறிஸ்துவின் மறையைத் தழுவியபோது ஆட்டத்தையும் பாட்டையும் விட்டுவிடவில்லை. மூவிராசாக்கள், எஸ்தாக்கியார், செபஸ்தியார், ஞானசௌந்தரி முதலிய கதைகள் தமிழகத்திலும் ஈழத்திலும் ஆடப்பட்டன. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் இவை இன்றுவரை போற்றப்படும் செல்வங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் இவற்றுள் சிலவற்றை அச்சேற்றிக் காத்தார். 1965-இல் யாழ்ப்பாணத்தில் நீ. மரிய சேவியர் அடிகளார் நிறுவிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் காட்சிகளைப் பெரும் அரங்குகளில் நிகழ்த்திப் புகழ்பெற்றது.

இந்நாடகங்களில் முடி தரித்தோர் பலர் வருவர். மூவிராசாக்கள் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஏரோது. மறுபக்கம் கிழக்கிலிருந்து வந்த மூவர். மூவரின் தலையிலும் கிரீடம் உண்டு. ஏரோதின் தலையிலும் உண்டு. மூவர் மாட்டுத் தொழுவத்தில் ஒரு பச்சிளம் குழந்தையின் முன் முழந்தாளிடுகின்றனர். ஏரோதின் கால்களோ மடங்கவில்லை. அவன் பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்தில் தன் அரியணையை நிலைநிறுத்த முயல்கிறான். நாடகம் பார்க்கும் சிறுவனுக்கு எந்த விளக்கமும் தேவையில்லை.

ஞானசௌந்தரியில் அரசமகள் சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கைகளையும் இழந்து காட்டில் தவிக்கிறாள். தேவ அன்னை அக்கைகளை மீட்டளிக்கிறார். 1948-ஆம் ஆண்டில் இக்கதை இரு நிறுவனங்களால் இரண்டு படங்களாக எடுக்கப்பட்டதும், சிட்டாடல் நிறுவனத்தின் படத்தைச் சமய வேறுபாடின்றித் தமிழகம் கண்டு கண்ணீர் வடித்ததும் மூத்தோர் வாயிலாக நாம் கேட்ட செய்தி. வஞ்சகப் பேச்சைக் கேட்டுச் சொந்த மகளையே அறியாத அரசனைவிட, கையிழந்த பெண்ணின் நம்பிக்கை வலியது என்பதே கதையின் உயிர்.

எருமைமேல் ஏறிய அலுவலர்

இவையெல்லாம் பழங்கதைகள். நம் மண்ணிலேயே நாளும் ஆண்டும் குறிப்பிடத்தக்கவாறு நிகழ்ந்து, பின்னர் நாடகமாகவும் பாடப்பட்ட ஒரு வரலாறு உண்டு. அது புனித தேவசகாயத்தின் வரலாறு.

1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அரண்மனை அலுவலராக விளங்கினார். குலப்பெருமையும் அரசச் செல்வாக்கும் ஒருங்கே பெற்றவர். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளிக்கும் பொறுப்பேற்றார். குடும்பத்தில் இழப்பும் மனத்துயரும் சூழ்ந்த வேளையில் நீலகண்டன் அவரிடம் மனம்விட்டுப் பேச, அவர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. அனைத்தையும் இழந்தும் இறைவனை இழக்காத மனிதனின் கதை அந்த அலுவலரின் உள்ளத்தைத் தொட்டது. 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் துணைவியார் பார்கவி, ஞானப்பூ என்னும் பெயருடன் அதே நம்பிக்கையை ஏற்றார்.

1749-இல் அவர் கைதானார். கழுத்தில் எருக்க மாலையிட்டு, எருமையின்மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். இதனைச் சற்றே சிந்தியுங்கள். இதுவும் ஒரு நாடகமன்றோ? உயர்ந்த அலுவலர் பவனி செல்லும் வீதியில், அதே மனிதரைக் கோமாளியாக்கி அனுப்பினால், அவர் நம்பிக்கையும் கோமாளித்தனமாகத் தோன்றும் என்று அதிகாரம் கருதியது. உரோமைப் படைவீரர் நம் ஆண்டவருக்குச் செய்ததும் இதுவே. செந்நிறப் போர்வை, முட்கிரீடம், கையில் ஒரு கோல், எதிரே முழந்தாளிட்டுக் கேலி! போலி அரசனைக் காட்டப் போட்ட அவ்வேடத்தில்தான் உண்மை அரசர் வெளிப்பட்டார். தேவசகாயத்தின் எருக்க மாலையும் அவ்வாறே ஆயிற்று. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்ட அந்தக் கைதியிடம் மக்கள் ஆறுதல் தேடி வந்தனர். அரண்மனையில் இருந்தபோது காண வராத ஏழைகள், மரத்தடியில் கட்டுண்டபோது வந்தனர்.

1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுடப்பட்டு இறந்தார். எஞ்சிய உடற்பகுதிகள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டன. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் இப்பேறு பெற்ற முதல் மறைசாட்சி, இல்லறத்தில் வாழ்ந்த ஒருவர் என்பது நம் குடும்பங்கள் மகிழத்தக்கதன்றோ!

மன்னரின் பக்கம்

நாடகத்தில் வில்லனை வில்லனாகவே காட்டிவிடுவது எளிது. மார்த்தாண்ட வர்மாவை வெறும் கொடுங்கோலராக ஆட்டத்தில் காட்டிவிட்டால் கூட்டத்துக்கும் மகிழ்ச்சியே. வரலாறோ அவ்வளவு எளியதன்று. அவர் கிறிஸ்தவராகிய டிலனாயைத் தம் படையில் உயர்த்திவைத்தவர். தேவசகாயத்தைத் தண்டித்த காரணம்பற்றி வரலாற்றாசிரியர் எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர்.

இன்னும் ஒன்று. தேவசகாயம் விலங்கிடப்பட்டுக் கிடந்த 1750-ஆம் ஆண்டு ஜனவரியில், அம்மன்னர் தம் வாளைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியின் திருமுன் வைத்து, நாட்டையே இறைவனுக்குக் காணிக்கையாக்கினார். அன்றுமுதல் தாம் பத்மநாபரின் தாசன் மட்டுமே என்று அறிவித்தார். மணிமுடியை இறைவனிடம் ஒப்படைத்த மன்னரின் பணிவை நாம் இகழ்தல் தகாது. அது அவர் சமயப்பற்றின் வெளிப்பாடு. ஆயினும் அதே ஆட்சியில்தான் மனச்சான்றின் வழி நடந்த ஒரு மனிதர் சிறையில் வாடினார். கத்தோலிக்க நாடுகளின் அரசரும் கோயிலில் முழந்தாளிட்டு எழுந்து, வெளியே வந்து பிறர் மனச்சான்றை மிதித்ததுண்டு. இறைவன்முன் குனிவதோடு பணிவு முடிந்துவிடுவதில்லை. நம் கைக்கு அடங்கிய எளியவன்முன் நாம் எவ்வாறு நிற்கிறோம் என்பதே அதன் உரைகல்.

எது பணிவு?

பணிவு என்றால் யாவர்க்கும் அடங்கிப்போதல் என்று எண்ணுவோர் உண்டு. தமிழ் மேடை அவ்வாறு கற்பிக்கவில்லை. 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் கதையை, 1959-இல் வெளிவந்த படத்தில் கண்டு தமிழர் ஆரவாரித்தனர். அது வலியவன்முன் வளையாத தலை. துரியோதனனிடம் கண்டு வெறுத்ததோ எளியவரை மிதிக்கும் தலை. இரண்டும் நிமிர்ந்த தலைகளே. ஆயினும் நம் மக்கள் வேறுபாடு அறிவர்.

தேவசகாயமும் மன்னரின் கட்டளைக்கு வளையவில்லை. அவ்வாறே இங்கிலாந்தில் எட்டாம் என்றி மன்னரின் தலைமை அமைச்சராயிருந்த புனித தாமஸ் மூர், திருச்சபைக்கு மன்னரே தலைவர் என்று ஆணையிட மறுத்து, 1535-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் தலை வெட்டப்பட்டார். அவரும் இல்லறத்தார், அவரும் அரச அலுவலர். 1960-இல் இராபர்ட் போல்ட் இவர் வரலாற்றை நாடகமாக்கினார்; 1966-இல் அது திரைப்படமாகி உலகெங்கும் பாராட்டப்பட்டது. மூர் மன்னரைத் தூற்றவில்லை. பதவியைத் துறந்தார், வறுமையை ஏற்றார், உண்மையை மட்டும் விற்கவில்லை.

இதற்கு மறுபக்கமாக இரண்டாம் என்றி மன்னர் நிற்கிறார். 1170-இல் பேராயர் தாமஸ் பெக்கட் கொலையுண்டதற்குத் தம் சினச் சொற்களே காரணமாயின என்பதால், 1174-இல் வெறுங்காலோடு காண்டர்பரிக்கு நடந்து, கல்லறையருகே கசையடி பெற்றுப் பரிகாரம் செய்தார். வாழ்நாளில் பேராயரால் வளைக்க முடியாத மன்னரை அவர் கல்லறை வளைத்தது.

நம் முற்றத்தில்

இதுவரை அரசர்களைப் பற்றிப் பேசினோம். நம்மில் எவரும் அரசர் அல்லர். ஆதலால் இப்பாடம் நமக்கன்று என்று எழுந்து போய்விடலாமா? பொன்னுருவியின் கதை நம்மை விடுவதில்லை.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் ஒரு புதிய ஆலயம் எழுந்தது. ஒரே பலிபீடத்தை நோக்கிய இரு தனிப் பகுதிகள். ஒரு சாதியாரை மற்றொரு சாதியார் காணாதவாறு நடுவே சுவர். அதன் வடிவைக் கண்டோர் அதனைக் கால்சட்டைக் கோயில் என்றே வேடிக்கையாக அழைத்தனர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது பெரும் கலகமே மூண்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. சாதி வேறுபாடு பாராட்டாது எல்லாரோடும் பழகிய ஒருவர் கிறிஸ்துவில் பிறந்த பங்கிலேயே இது நிகழ்ந்தது. அச்சுவரின் இருபுறமும் இருந்தோர் மறைசாட்சியின் நாடகத்தைக் கண்டு கண்ணீர் சிந்தியிருக்கக்கூடும். நாடகத்துக் கண்ணீர் காலையில் அரிதாரத்தோடு கழுவப்பட்டுவிடுமாயின் பயன் என்ன?

புனிதர் பட்டம் அளிக்கும் வேளையில் திருச்சபை அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பெயரை நீக்கி, தேவசகாயம் என்றே அறிவித்தது. நூற்றாண்டுகளாக நாடகத் தலைப்பிலும் பாடலிலும் வழங்கிய பெயர் அது. அதை நீக்கியதில் அவர் பெருமை குறையவில்லை. அவர் விரும்பிக் களைந்த ஒன்றை நாம் மீண்டும் அணிவித்திருந்தோம், அவ்வளவே. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டமும், திருவிழாத் தேரின் வழியும், திருமணப் பேச்சும் சாதியால் பிளவுபட்டுக் கிடப்பதை நாம் அறிவோம். சுவர் இடிந்தாலும் அதன் கல்லைச் சிலர் நெஞ்சுக்குள் எடுத்துவைத்துக்கொள்கின்றனர்.

பங்குத் திருவிழாவிலும் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் நம் இளைஞர் நாடகம் நடிக்கின்றனர். அப்போது அரசர் வேடம் யாருக்கு, இடையர் வேடம் யாருக்கு என்று பிரிப்பவர் சற்று எண்ணட்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கே எப்போதும் கிரீடம் சென்றுவிடுகிறதா? உயரமும் நிறமும் குலமும் பார்த்துத் தேவ அன்னையின் வேடம் கொடுக்கப்படுகிறதா? மேடையேறுமுன்பே நாடகம் பொய்த்துவிடக் கூடாது. வீட்டிலும் பெற்றோர் தம் பிள்ளைகளோடு இக்கதைகளைப் பேசலாம். ஏரோது ஏன் முழந்தாளிடவில்லை, பாண்டியன் ஏன் பிறரைப் பழிக்கவில்லை, தேவசகாயம் அரண்மனைச் சோற்றை ஏன் விட்டார் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கூறும் விடைகள் நம்மையே வியக்கவைக்கும். பிள்ளையிடம் தவறு செய்த தந்தை, தவறு என் மேல்தான் என்று ஒருமுறை கூறினால், அவ்வீட்டில் பாண்டியன் கதையை வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய வியாழனன்று நம் ஆலயங்களில் ஒரு காட்சி நடைபெறுகிறது. அரியணை இல்லை, திரை இல்லை, கட்டியங்காரன் இல்லை. குருவானவர் மேலாடை களைந்து, துண்டு கட்டி, பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறார். ஆண்டவர் தம் அதிகாரம் முழுவதையும் அறிந்திருந்த அந்த இரவில் செய்தது அதுவே. அப்பன்னிருவருள் தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனின் பாதமும் இருந்தது. அடுத்த பெரிய வியாழனன்று யாருடைய பாதங்கள் அங்கே அமர்த்தப்படுகின்றன என்பதை நம் பங்குகள் கவனிக்கட்டும். ஊரில் எவருடைய வீட்டுத் தண்ணீரை நாம் குடிக்கத் தயங்குகிறோமோ, அவருடைய பாதம் அவ்வரிசையில் முதலில் இருக்கட்டும்.